ட்ரெண்ட் பாத்து பெயிண்ட் கலர் எடுக்காதீங்க, உங்க சுவத்துல அடிச்சு பாத்து எடுங்க

கொஞ்ச வருஷம் முன்னாடி எங்க பாத்தாலும் க்ரே, அப்புறம் 2025-க்கு வருஷா வருஷம் ட்ரெண்ட் கலர் அறிவிக்கிற பான்டோன் கம்பெனி 'மோக்கா மூஸ்'னு ஒரு பிரவுன சொன்னாங்க, 2026-க்கு வெள்ளை. இது பின்னாடி ஓடுனா வருஷா வருஷம் பெயிண்டர கூப்பிடணும்ங்க.

ஷேட் கார்ட நம்பவே நம்பாதீங்க, சின்ன துண்டுல பாக்குற கலர் நாலு சுவத்துலயும் வந்தா இன்னும் அடர்த்தியாதான் தெரியும். சாம்பிள் டப்பா வாங்கி ரெண்டடிக்கு ரெண்டடி, ரெண்டு கோட் அடிச்சு, காஞ்சப்புறம் காலைல, சாயங்காலம், ராத்திரி லைட் போட்டுன்னு ரெண்டு நாள் பாருங்க. 6500கே (வெள்ளை வெளிச்சம்) ட்யூப்லைட்ல க்ரீம் கலர் வெளிறிடும், 3000கே (மஞ்சள் வெளிச்சம்) பல்புல மஞ்சளடிக்கும், அதனால லைட்ட முதல்ல முடிவு பண்ணிடுங்க. மேற்கு பாத்த ரூமுக்கு ஆரஞ்சு, பீச் வேண்டாம், சாயங்கால வெயில்ல தகதகன்னு கண்ண உறுத்தும். ட்ரெண்ட் ஆசைய குஷன், திரைச்சீலைல தீத்துக்கோங்க. பில்லுல இருக்குற ஷேட் நம்பர கண்டிப்பா போட்டோ எடுத்து வைங்க, டச்சப்புக்கு அதான் வேணும்.