வீட்டுப் போக்கருக்குச் சீட்டுக்கட்டு வாங்கும்போது

உறையில் ‘பிளாஸ்டிக் கோட்டிங்’ என்று இருந்தால் உள்ளே இருப்பது காகிதச் சீட்டுதான். ஒரு மூலை மடங்கினாலே அது எந்தச் சீட்டு என்று மேசையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ‘100% பிளாஸ்டிக்’ என்று இருப்பதையே வாங்குங்கள். கெம் என்ற பிராண்டின் சீட்டுகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் ஆனவை. கோபாக் பிராண்டின் சீட்டுகள் பி.வி.சி. பிளாஸ்டிக். இரண்டும் நன்றாக உழைக்கும். தேநீர் சிந்தினாலும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

அழகு பார்க்கையில் முதுகுப்புறத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். தலைகீழாகத் திருப்பினாலும் கோலம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பிய சீட்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும். சுற்றிலும் வெள்ளைக் கரை உள்ள சீட்டே என் தேர்வு. ஓரம் வரை வண்ணம் ஓடும் சீட்டைப் பங்கிடும்போது லேசாகச் சாய்ந்தாலும் முகத்தின் வெள்ளை பளிச்சென்று தெரியும்.

போக்கர் அளவு 63 மி.மீ. அகலம், பிரிட்ஜ் அளவு 57. சிறிய கைகளுக்குப் பிரிட்ஜ் அளவு சௌகரியம். மங்கலான விளக்கில் இஸ்பேடும் கிளாவரும் குழம்பாமலிருக்க, மூலையில் எண்ணும் சின்னமும் பெரிதாக உள்ள கட்டு நல்லது.

சிவப்பு, நீலம் என இரண்டு கட்டுகளாக வாங்குங்கள். ஒன்றைப் பங்கிடும்போதே மற்றொன்றைக் கலைத்து வைக்கலாம்.