மரத்தில் துளை தெரிந்தால் உடனே மருந்தடிக்காதீர்கள்

பழைய வீட்டின் கதவு நிலையிலோ உத்தரத்திலோ 1, 2 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமான துளைகள், கீழே கொஞ்சம் தூள். பார்த்ததும் பலரும் மருந்தடிக்கிறவரைத்தான் கூப்பிடுகிறார்கள். மருந்து விற்பவரிடமே மருந்து தேவையா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததுதான்.

துளை இருந்தால் பூச்சியும் இருக்கிறது என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. மரத்தைத் தின்பது பெரும்பாலும் வண்டின் புழு. விரிசலில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு, உள்ளேயே குடைந்துகொண்டு பல வருடம் இருக்கும். மரச்சாமான்களைத் துளைக்கும் சாதாரண வண்டு வகையில் இது 2 முதல் 5 வருடம் வரைகூட ஆகும். பிறகு வண்டாகி, மரத்தைத் துளைத்து வெளியேறிவிடும். நாம் பார்ப்பது அது போன வழியைத்தான். ஐம்பது வருடத்துக்கு முன் போன வண்டின் துளையும் இன்று அங்கேதான் இருக்கும்.

உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். புதுத் துளையின் விளிம்பு கூர்மையாக, உள்பக்கம் வெட்டிய மரத்தின் நிறத்தில் வெளிறியிருக்கும். பழையது அழுக்கேறிக் கறுத்திருக்கும். தூளை மட்டும் நம்ப வேண்டாம். கதவை ஓங்கிச் சாத்தினால் பழைய தூளும் கொட்டும். தூளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, துளைகளின் மேல் மெல்லிய தாளை இறுக்கமாக ஒட்டி, ஓரத்தில் தேதி எழுதுங்கள். கீழே ஒரு கறுப்புத் தாளை விரித்து வையுங்கள். வண்டு வெளியே வரும் பருவம் ஒன்று முழுதாகக் கழியட்டும். தாளில் துளை விழுந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. விழாவிட்டாலும் அடுத்த வருடம் இன்னொரு முறை பாருங்கள், ஏனென்றால் புழு சத்தமில்லாமல் உள்ளே இருக்கலாம்.

அடுத்த தவறு, கறையானோடு குழப்பிக்கொள்வது. மண்ணில் வாழும் கறையான் சுவரோரம் மண் தடம் போட்டுக்கொண்டு வரும், தூள் கொட்டாது. அதற்காகத் தரையில் துளையிட்டு ஊற்றும் மருந்தால் உத்தரத்துக்குள் இருக்கும் வண்டுப் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. கீழே கிடப்பது மாவாக இல்லாமல், ஒவ்வொன்றும் தனித்தனி மணியாக உருண்டால், அது உலர்மரக் கறையானின் எச்சமாக இருக்கலாம்.

பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கிறது என்று உடனே பட்டி வைத்து வார்னிஷ் அடித்துவிடுபவர்களும் உண்டு. புழு சாகாது, வண்டு அதையும் துளைத்துக்கொண்டு வரும். பழைய துளை எது, புதுத் துளை எது என்று பார்க்கும் வழியும் போய்விடும். அப்புறம் போரேட் கரைசல் (மரத்தில் பூசும் பூச்சி மருந்து) பூசினாலும் வார்னிஷைத் தாண்டி மரத்துக்குள் இறங்காது. பூசுவதாக இருந்தால் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் மரத்தில் பூச வேண்டும். மழை படும் இடத்தில் அது கரைந்து போய்விடும்.

மண்ணெண்ணெய், டீசல் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். ஆழத்தில் இருக்கும் புழுவை அது எட்டுமா என்பது சந்தேகம். மரம் தீப்பிடிக்கத் தயாராக நிற்கும் என்பது நிச்சயம். பக்கத்தில் பழைய மின்கம்பி ஓடினால் கேட்கவே வேண்டாம்.

இதிலெல்லாம் மறந்துபோவது ஈரம். ஓட்டிலோ குழாயிலோ ஒழுக்கு, காற்றோட்டமில்லாத பரண், சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் முனை: புழுவுக்குப் பிடித்த இடங்கள் இவை. மேலே சொன்ன சாதாரண வண்டின் புழு, மரத்தின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே போனால் தாக்குப்பிடிக்கத் திணறும். ஒழுக்கை நிறுத்தாமல் மருந்தடிப்பது காசைக் கரைப்பதுதான். நைஸான மாவைக் கொட்டும் இன்னொரு வகை வண்டு மட்டும் காய்ந்த மரத்திலும் வாழும். அது தேடுவது மாவுச்சத்து. அது பெரும்பாலும் புது மரத்தில்தான் இருக்கும் என்பதால், பழைய வீட்டில் அது தெரிந்தால் சமீபத்தில் வாங்கிவந்த சாமானை முதலில் சந்தேகப்படுங்கள்.

வீட்டைத் தாங்கும் மரமாக இருந்தால், ஸ்க்ரூடிரைவரால் பல இடங்களில் அழுத்திப் பாருங்கள். சட்டென்று உள்ளே இறங்கினாலோ, தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தாலோ, அதன் கீழே படுக்கை, ஊஞ்சல் எதுவும் வேண்டாம். மருந்தடிக்கிறவரை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். புழு செத்தாலும், தின்று தீர்த்த மரம் திரும்ப வளராது.