பாயின்ட்-டு-பாயின்ட்: பஸ்ஸில் ஒரு பொருள், விமான டிக்கெட்டில் வேறு பொருள்

பேருந்து நிலையத்தில் நமக்கு இந்தக் குழப்பம் வருவதே இல்லை. ‘நேர் பஸ்’ என்றால் வழியில் பத்து ஊரில் நின்றாலும் இறங்கி மாற வேண்டாம். ‘இடைநில்லா’ என்றால் நடுவே நிறுத்தமே கிடையாது. இரண்டையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துப் பேசுகிறவர்கள்தான், விமான டிக்கெட் எடுக்கும்போது டைரக்ட், நான்ஸ்டாப், கனெக்டிங், பாயின்ட்-டு-பாயின்ட் எல்லாம் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள் திரும்பத் திரும்பப் பணத்தை விடுவது இங்கேதான். தேதி மாறுவது, பெயரில் எழுத்துப் பிழை இதையெல்லாம் எல்லோரும் சொல்லித் தருவார்கள்; இங்கே வேண்டாம்.

டைரக்ட் என்றால் நான்ஸ்டாப் அல்ல

டைரக்ட் என்பது நம் நேர் பஸ். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஃபிளைட் நம்பர். நடுவே இறங்கி ஏறலாம், சில நேரம் விமானமே மாறலாம். நான்ஸ்டாப்தான் இடைநில்லா. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்.கியூ 26 சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போய் நின்று நியூயார்க் போகும்: டைரக்ட். எஸ்.கியூ 24 எங்கும் நிற்காமல் நியூயார்க் போகும்: நான்ஸ்டாப். 2018 மார்ச்சில் குவான்டாஸ் கியூ.எஃப் 9-ஐ மெல்பர்ன், பெர்த், லண்டன் என்று ஓட்டத் தொடங்கியபோது, மெல்பர்னில் ஏறியவருக்கு அது டைரக்ட். பெர்த்தில் ஏறியவருக்கு அதே விமானம் நான்ஸ்டாப்.

முழங்கால் வலியுள்ள அம்மாவைத் தனியாக அனுப்பும்போது இந்த வித்தியாசம் முக்கியம். நடுவழியில் கைப்பையோடு இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனை தாண்டி ஏற வேண்டி வரலாம். ‘டைரக்டா?’ என்று ஏஜென்டிடம் கேட்காதீர்கள். ‘எத்தனை ஸ்டாப்?’ என்று கேளுங்கள். பதில் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

பாயின்ட்-டு-பாயின்ட் என்பது வசதி அல்ல, கைகழுவல்

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. நம் ஊர் பஸ்ஸில் ‘பாயின்ட் டு பாயின்ட்’ போர்டு பார்த்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று நிம்மதி. விமான நிறுவனத்தின் நிபந்தனைகளில் அதே சொல் வந்தால் பொருள் இது: ‘இந்த ஊரிலிருந்து அந்த ஊர் வரை கொண்டுபோய் விடுவது மட்டும் எங்கள் பொறுப்பு. அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் எடுத்த டிக்கெட்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை.’ அயர்லாந்தின் மலிவு விமான நிறுவனமான ரயன்ஏர் தன்னை இப்படித்தான் சொல்லிக்கொள்கிறது. அதில் மறைப்பு எதுவும் இல்லை. படிக்கிறவர்தான் பஸ் பொருளை விமானத்தில் ஏற்றுகிறார்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு ஒரு டிக்கெட். அங்கிருந்து டப்ளினுக்கு மலிவாகக் கிடைத்தது என்று ரயன்ஏரில் தனி டிக்கெட். ஆனால் அது புறப்படுவது லண்டனின் இன்னொரு விமான நிலையமான ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து. ஹீத்ரோவிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஹீத்ரோவில் குடியேற்ற வரிசையில் நிற்க வேண்டும், வெளியே வர பிரிட்டன் விசா வேண்டும், பெட்டியை எடுக்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும், மறுபடி பெட்டியைப் போட வேண்டும். சென்னை விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் தாமதமானவர் அல்ல, வராதவர். நோ-ஷோ. டிக்கெட் காசு போயிற்று. அன்றைக்கு விற்கும் விலையில் புதிதாக வாங்க வேண்டும்.

திரும்பும்போது இன்னும் மோசம். டப்ளினில் மலிவு விமானம் தாமதமானால் தவறப்போவது சென்னைக்கான பெரிய டிக்கெட்.

ஒரே டிக்கெட்டாக இருந்தால் கதை வேறு. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால், மாற்று விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் வேலை. விமானம் மாறக் குறைந்தது இத்தனை நிமிடம் வேண்டும் என்று விமான நிலையங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரக் கணக்கும் இதற்குத்தான். அந்த நிமிடங்களைத் தனித்தனி டிக்கெட்டுக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஒரே டிக்கெட்டா என்று எப்படிப் பார்ப்பது? ஏஜென்ட் தரும் ட்ரிப் ஐ.டி.யை நம்பாதீர்கள், அதன் கீழே இரண்டு பி.என்.ஆர் ஒளிந்திருக்கலாம். இ-டிக்கெட் எண்ணைப் பாருங்கள். 13 இலக்கம், முதல் மூன்றும் டிக்கெட் வழங்கிய நிறுவனத்தின் எண். 098 ஏர் இந்தியா, 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 176 எமிரேட்ஸ், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். எல்லா விமானத்துக்கும் ஒரே எண் என்றால் ஒரே டிக்கெட். (ஒரு டிக்கெட்டில் நான்கு விமானம்தான் அடங்கும், அதற்கு மேல் போனால் அடுத்தடுத்த எண் வரும், பயப்பட வேண்டாம்.) 125 என்று ஒன்று, வெறும் முன்பதிவு எண்ணோடு இன்னொன்று என்றால் அது நீங்களே ஒட்டுப்போட்ட பயணம். சில தளங்கள் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும்; அதன் பொருளும் இதுதான்.

கவுன்டரில் கடைசியாக ஒரு சோதனை: பெட்டியில் ஒட்டிய டேக்கில் பெரிதாக அச்சாகியிருக்கும் மூன்றெழுத்து நீங்கள் கடைசியாக இறங்கும் ஊருடையதா என்று பாருங்கள். நடுவிலுள்ள ஊர் என்றால் அங்கேயே கேளுங்கள், நகர்ந்த பிறகு அல்ல. அமெரிக்கா போன்ற சில நாடுகள் பொதுவாக விதிவிலக்கு: டேக் கடைசி ஊருக்கே இருந்தாலும், முதலில் இறங்கும் நிலையத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி கொடுக்க வேண்டும்.

செய்திகளில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் போன்ற விமான நிறுவனங்களையும் பாயின்ட்-டு-பாயின்ட் என்று எழுதுவார்கள். அது வழித்தட வரைபடத்தைப் பற்றிய பேச்சு: எல்லாரையும் ஒரு பெரிய மைய நிலையத்துக்கு இழுத்துப் பிரித்து அனுப்பாமல், ஊருக்கு ஊர் பறப்பது. சவுத்வெஸ்ட் இணைப்பு டிக்கெட்டும் விற்கிறது. ஆகவே இந்தச் சொல்லைப் பார்த்ததும், வரைபடத்தைச் சொல்கிறார்களா பொறுப்பைச் சொல்கிறார்களா என்று பிரித்துப் படியுங்கள்.

லேஓவர், ஸ்டாப்ஓவர்

இரண்டு விமானங்களுக்கு நடுவே ஓர் ஊரில் இருக்கும் நேரத்துக்கு, சர்வதேச டிக்கெட்டில் கோடு 24 மணி நேரம். அதற்குள் என்றால் லேஓவர், தாண்டினால் ஸ்டாப்ஓவர், கட்டணம் ஏறலாம்.

‘கனெக்‌ஷன் ஃபிளைட்’

நடு ஊரில் இறங்கி மாறி ஏறும் அடுத்த விமானத்தை கனெக்டிங் ஃபிளைட் என்று எழுதுங்கள்.

‘அப் அண்ட் டவுன் டிக்கெட்’

நம் ஊருக்கு வெளியே புரியாது. பிரிட்டனில் ரிட்டர்ன், அமெரிக்காவில் ரவுண்ட் ட்ரிப்.

இணைப்புக் கோடு

பாயின்ட்-டு-பாயின்ட் கட்டணம் என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ஆங்கிலத்தில் இரண்டு கோடும் வேண்டும். ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் போனார் என்று வினையோடு வந்தால் கோடு வேண்டாம். இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ‘ஒரு பாயின்ட்-டு-பாயின்டுக்கு’ப் போகிறேன் என்றால், அவர் போவது தடை தாண்டும் குதிரைப் பந்தயத்துக்கு.