டீ வடிகட்டி ஒன்று போதும்: பழைய காரில் விரிசல் விட்ட பிளாஸ்டிக்கைச் சரிசெய்வது எப்படி?

மார்கழி மாதம், காலை ஆறரை மணி. குன்னூரில் வாசலில் நின்ற என் 2003 மாடல் மாருதி 800-இல், ஸ்டீயரிங் கம்பியை மூடியிருக்கும் கவரின் ஸ்க்ரூ ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, அதுதான் வினை. அரைச்சுற்று இறுக்கியதும் "டக்" என்றது. ஸ்க்ரூ ஓட்டையில் கிளம்பிய விரிசல் ஒரு விரல் நீளம் ஓடி கவரின் நடுவில் போய் நின்றது.

மாலையில் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். "காலங்காத்தால பிளாஸ்டிக்கை யாராச்சும் தொடுவாங்களா தம்பி? வெயில் ஏறினப்புறம் தொட்டிருந்தா வளைஞ்சு கொடுத்திருக்கும். குளிர்ல அது அப்பளம்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். காருக்குள் இருக்கும் பேனல்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக், இல்லையென்றால் ஏ.பி.எஸ். என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக். பாலிபுரோப்பிலீனைச் சுருக்கமாக பி.பி. என்பார்கள். குளிர் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்க நெருங்க அது நெகிழ்வை இழந்துவிடும். ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் புல் வெளுத்துக் கிடக்கும் உறைபனி நாட்களில் கதவை ஓங்கிச் சாத்தினாலே எங்கோ ஒரு கிளிப் போய்விடும். போதாக்குறைக்கு, உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது வருடம் அந்த வெயிலைக் குடித்த பிளாஸ்டிக் ஏற்கெனவே பாதி உயிரோடுதான் இருக்கும்.

கழற்றுவது

வெயிலில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். உள்ளே கை வைத்தால் கதகதப்பாக இருக்க வேண்டும். மேகமூட்டம் என்றால் ஹேர் ட்ரையர் போதும். அதையும் ஒரே இடத்தில் காட்டாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10 நம்பர் ஸ்பேனரால் கழற்றுங்கள். ஸ்டீயரிங் கவருக்குள் சாவி, லைட், வைப்பர் எல்லாவற்றின் ஒயரும் ஓடுகிறது. என் வண்டியில் ஏர்பேக் கிடையாது. உங்கள் காரில் இருந்தால் ஸ்டீயரிங் பக்கமும், ஏர்பேக் என்று எழுதியிருக்கும் எந்தப் பேனல் பக்கமும் போகாதீர்கள். ஏர்பேக் வெடித்து விரியும்போது அந்தப் பேனல் எப்படித் திறக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. நாம் ஒட்டிய ஒட்டு அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஸ்க்ரூக்கள் அடிப்பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கீழ்ப்பாதியை இறக்குங்கள். வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூவை மறந்திருப்பீர்கள். கதவுப் பேனல் போல கிளிப்பில் நிற்பவற்றுக்கு ஸ்க்ரூ டிரைவரை விட மூங்கில் சில்லு நல்லது. கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும். தூரத்தில் நெம்பினால் பேனல்தான் கிழியும். பழைய மாருதியின் கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு குதிரை லாட வடிவக் கிளிப் இருக்கும். இடுக்கில் ஒரு துணிப்பட்டையை நுழைத்து, ஷூ துடைப்பதுபோல இப்படியும் அப்படியும் இழுத்தால் அது வெளியே தெறிக்கும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது இன்னும் கிடைக்கவில்லை.

என்ன பிளாஸ்டிக் என்று பார்ப்பது

புதிதாகச் செய்பவர்கள் இதைத்தான் தாண்டிவிடுவார்கள். நானும் தாண்டினேன். உடனே ஒட்டும் பசையை விட்டு, சமையல் சோடாவைத் தூவி, கல் மாதிரி ஆகிவிட்டது என்று பெருமையாக மாட்டினேன். மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே மடியில் வந்து விழுந்தது. பசையின் மேல் தப்பில்லை. பி.பி. மேல் எந்தச் சாதாரணப் பசையும் சரியாகப் பிடிக்காது.

பேனலின் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பி.பி. அல்லது ஏ.பி.எஸ். என்று ஆங்கில எழுத்தில் அச்சிலேயே வார்த்திருப்பார்கள். எழுத்து இல்லையென்றால், கண்ணில் படாத மூலையில் பஞ்சால் ஒரு சொட்டு அசிட்டோன் (பெயிண்ட், நகப்பூச்சைக் கரைக்கும் திரவம்) தடவுங்கள். பிசுபிசுத்தால் ஏ.பி.எஸ்.; ஒன்றும் ஆகாவிட்டால் அநேகமாக பி.பி. தண்ணீரில் மிதந்தால் பி.பி., மூழ்கினால் ஏ.பி.எஸ். என்று ஒரு வழியும் சொல்வார்கள். அதை முழுக்க நம்பாதீர்கள். டால்க் பொடி கலந்து வார்த்த பி.பி.யும் மூழ்கும்.

ஏ.பி.எஸ். என்றால்

வேலை சுலபம். அதே பிளாஸ்டிக்கின் உடைந்த துணுக்குகளைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி மூடிவையுங்கள். சில மணி நேரத்தில் இட்லி மாவுப் பதத்துக்கு வரும். அதை விரிசலின் உள்பக்கம் பூசினால் காய்ந்ததும் ஒரே உடம்பாகிவிடும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படிப் பக்கம் வேண்டாம்.

பி.பி. என்றால்

டேஷ்போர்டைப் பளபளப்பாக்கப் பூசும் பாலிஷில் சிலிகான் இருக்கும். அதன் மேல் எதுவும் ஒட்டாது. முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவையுங்கள்.

அடுத்து, விரிசல் எங்கே முடிகிறதோ அந்த நுனியில் 2 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடுங்கள். அது இல்லாவிட்டால் விரிசல் தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் இரண்டு விளிம்பும் சேரும்படி அழுத்தி டேப் ஒட்டுங்கள்.

இப்போது டீ வடிகட்டி. வீட்டில் கைப்பிடி உடைந்த எவர்சில்வர் வடிகட்டி ஒன்று கட்டாயம் கிடக்கும். வலையை ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டி, உள்பக்கம் விரிசலுக்குக் குறுக்கே வையுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்னின் (ஒயருக்கு ஈயப் பற்று வைக்கும் சூட்டுக்கோல்) நுனியை வலை மேல் மெதுவாக அழுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் வலையின் கண்கள் வழியே பிளாஸ்டிக் பொங்கி மேலே வரும். அந்த நொடியே எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். புகை கிளம்பினால் சூடு அதிகம், பிளாஸ்டிக் கருகுகிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு நொடி அழுத்தினால் முன்பக்கம் குமிழ் விழும். என் கவரில் ஒன்று இருக்கிறது, சாவி போடும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வலை மூழ்கியதும் மேலே பூச அதே வகை பிளாஸ்டிக் வேண்டும். சாப்பாட்டு டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பி.பி. தூக்கியெறியும் டப்பா நம் நீலகிரி மாவட்டத்தில் தடை, அதனால் நான் பழைய மசாலா டப்பா மூடியை வெட்டிக்கொண்டேன். மெல்லிய கீற்றாக வெட்டி, அயர்ன் நுனியால் உருக்கித் தடவுங்கள். முன்பக்கத்தை உப்புத்தாள் கொண்டு தேய்க்க ஆசை வரும். தேய்த்தால் தோல் போன்ற அந்தச் சொரசொரப்பு போய், விரிசலை விடக் கேவலமாகத் தெரியும்.

ஸ்க்ரூ ஏறும் குழாய் பிளந்திருந்தால், பருத்தி நூலை அதைச் சுற்றி நெருக்கமாக, இறுக்கமாகச் சுற்றி அரால்டைட் (இரண்டைக் கலந்து பூசும் எபாக்சி பசை) ஊறவிடுங்கள். இங்கே பிடித்து நிற்பது பசையை விட நூலின் இறுக்கம்தான். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் சமவெளிக்கு. நம் குளிரில் அது இறுக வெகுநேரம் எடுக்கும். பகலெல்லாம் மூடிய காருக்குள் வெயிலில் வையுங்கள், இரண்டு நாள் தொடாதீர்கள்.

மாற்றுவதே நல்லது என்றால்

துண்டுகள் காணாமல் போயிருந்தாலோ, தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தாலோ ஒட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். கோவை உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடலாம். உடைந்ததைக் கையோடு கொண்டுபோங்கள். மாடலுக்கு மாடல் கிளிப் இடமும் நிறமும் மாறும். வாங்கும் முன் ஸ்க்ரூக் குழாய்களை விரலால் ஆட்டிப் பாருங்கள்.

மாட்டுவது

மறுபடியும் வெயில் ஏறின பிறகுதான். ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்து, முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் 'கிளிக்' என்று பழைய மரையில் விழும். அங்கிருந்து கையாலேயே இறுக்குங்கள். தலை பிளாஸ்டிக்கைத் தொட்டதும் கால் சுற்று, அவ்வளவுதான். பேட்டரியை மாட்டி, ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர் மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.