பின் டயரில் மிச்சம் பிடிக்கப் போய் நான் விட்ட காசு

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். பின் டயர் இரண்டும் கம்பி தெரிகிற நிலையில் இருந்தன. "அண்ணா, கம்மி ரேட்ல எந்த டயருங்க நல்லா இருக்கும்?" என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டயரின் வெளிப்பாதியில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் வரிகள், நன்றாகவே இருந்தது. உள்விளிம்பு மட்டும் மொட்டை. சில வருடங்களுக்கு முன் என் காரிலிருந்து கழற்றிய டயர்களும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தன. அன்று நானும் இதே கேள்வியைத்தான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

என்னுடையதும் பின் சக்கரம் இழுக்கிற 3 சீரிஸ்தான். கோவைக்குள் தினமும் 40 கிலோமீட்டர், மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு மலை. முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18 (முதல் எண் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில்). முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு என்பதால், டயர்களை இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமமாக்க வழியில்லை. எஞ்சினின் மொத்த உதையும் பின் ஜோடிக்குத்தான். முன் ஜோடி ஒருமுறை மாறுவதற்குள் பின் ஜோடி இரண்டு முறை மாறிவிடும். காரை மட்டும் பேரம் பேசி வாங்கும்போது இந்தச் செலவு யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பின் டயரில் மிச்சம் பிடிக்கப் போய்ச் செய்கிற தவறுகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். காற்று குறைவாக வைப்பது, அளவைத் தப்பாகப் படிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் பஞ்சர் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

செத்த டயரைப் பார்க்காமல் புது டயர் தேடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்காத தவறு இதுதான். காரோடு வந்த பின் டயர்கள் தேய்ந்திருந்ததால், வாங்கிய மாதமே 52,000 ரூபாய்க்கு ஒரு நல்ல ஜோடி போட்டேன். 11,000 கிலோமீட்டரில் கம்பி தெரிந்தது. நான் எடுத்த முடிவு என்ன தெரியுமா? "விலை உயர்ந்த டயர் மிருதுவான ரப்பர், அதான் கரைந்துவிட்டது, இனிமேல் மலிவானதே போதும்." அடுத்த ஜோடி 34,000 ரூபாய். அது 9,000 கிலோமீட்டரில் போனது. உடனே, "மலிவு டயர் என்றால் இப்படித்தான்" என்றேன். இரண்டு முறையும் தீர்ப்பு டயருக்கு எதிராகத்தான். கார் பக்கம் ஒரு கேள்வி கேட்கவில்லை. 86,000 ரூபாயில் 20,000 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 30 காசு டயருக்கு மட்டும்.

அந்த இரண்டாவது ஜோடியோடுதான் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு, போதாததற்கு மழை. ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் கார் பின்பக்கம் மெல்ல நழுவியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னியது, எலக்ட்ரானிக்ஸ் பிடித்துக்கொண்டது. "என்னங்க, ரோடு வழுக்குதா?" என்றாள் மனைவி. "ஆமா, பாசி" என்று சமாளித்தேன். ரோட்டில் பாசியும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்விளிம்பில் தண்ணீரை வெளியேற்றப் பட்டனே இல்லாத டயர் அது.

மூன்றாவது முறை டயர் மாற்றப் போனபோது, பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்த வயதான மெக்கானிக் ஒருவர் கழற்றிப் போட்ட டயரை உருட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளிருந்து வெளியே ஒருமுறை தடவினார். என் கையையும் பிடித்து வைத்தார். ஒரு திசையில் வழவழப்பு. மறு திசையில் ரம்பத்தின் பல்லைத் தடவுகிற மாதிரி இருந்தது. "இது ஓடித் தேஞ்சதில்லீங்க சார், இழுபட்டுத் தேஞ்சது. பின்னாடி டோ போயிருக்கு" என்றார்.

டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்கிற கோணம். நம் பாதங்களை நேராக வைக்காமல் அகட்டி வைத்து நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், செருப்பு எங்கே தேயும்? என் வலது பின் சக்கரம் 0.3 டிகிரி வெளியே திரும்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியவே தெரியாத கோணம். ஆனால் கணக்குப் போட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 மீட்டர் பக்கவாட்டில் உரசல். 10,000 கிலோமீட்டர் ஓடி முடித்தால் 50 கிலோமீட்டருக்கு மேல். கோவையிலிருந்து திருப்பூர் வரைக்கும் டயரைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனதற்குச் சமம். எந்தக் கம்பெனி ரப்பர் தாங்கும்?

அதோடு கேம்பர். முன்னாலோ பின்னாலோ நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம் அது. வளைவில் பிடிமானம் கிடைக்க இந்த மாதிரிக் கார்களில் பின் சக்கரத்தைக் கம்பெனியே கொஞ்சம் உள்ளே சாய்த்துத்தான் வைக்கிறது. எனக்கு முன் வைத்திருந்தவர் அழகுக்காகக் காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டிருந்தார். கார் இறங்க இறங்கச் சாய்வு கூடும். சாய்வு மட்டும் இருந்தால் டயர் இவ்வளவு வேகமாகச் சாகாது. ஆனால் எடை முழுவதும் உள்விளிம்பில் ஏறி நிற்க, அந்த விளிம்பையே டோ குறுக்கே இழுத்துத் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

கோபம் இதனால் மட்டும் இல்லை. இரண்டு ஜோடி போட்டபோதும் நான் அலைன்மென்ட், அதாவது இந்தக் கோணங்களை அளந்து சரிசெய்யும் வேலை, செய்திருந்தேன். ஒரு கடையில் காசு கொடுத்து, பிரின்ட் எடுத்து, பத்திரமாக மடித்து டாஷ்போர்டுக்குள் வைத்திருந்தேன். மெக்கானிக் சொன்னபிறகு அதை எடுத்துப் பார்க்கிறேன், முன் சக்கர எண்கள் எல்லாம் பச்சை, அதாவது சரி. பின் சக்கர எண்கள் சிவப்பு, அதாவது தப்பு. இரண்டு தாளிலும் அப்படியே! "பின்னாடி எல்லாம் அட்ஜஸ்ட் பண்ண முடியாதுங்க சார், கம்பெனி செட்டிங்" என்று அந்தக் கடையில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பல சின்னக் கார்களில் பின்னால் திருப்ப ஒன்றும் இருக்காது, உண்மைதான். 3 சீரிஸில் பின் டோவுக்கும் கேம்பருக்கும் தனித்தனி போல்ட் இருக்கிறது. என் காரில் அவை துருப்பிடித்து இறுகியிருந்தன, யாரும் ஸ்பேனர் வைத்ததே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. காரணம் என் கையிலேயே, என் காசில் அச்சடித்த தாளில் இருந்திருக்கிறது. நான்தான் பிரித்துப் படிக்கவில்லை.

பழைய ஒரிஜினல் ஸ்பிரிங், பின்னால் இரண்டு புஷ் (சஸ்பென்ஷன் மூட்டில் இருக்கும் ரப்பர்), புது போல்ட்கள், நான்கு சக்கர அலைன்மென்ட், கூலி எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய் ஆனது. அப்புறம் 38,000 ரூபாய்க்கு நடுத்தரமான ஒரு ஜோடி. அது இன்றுவரை 27,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இன்னும் 3.5 மில்லிமீட்டர் பட்டன் மிச்சம். இப்போதைக்குக் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 40 காசு.

அதனால் கடைக்குப் போன் போடும்முன் காருக்கு அடியில் போனை நீட்டிப் பின் டயரின் உள்விளிம்பைப் படம் எடுங்கள். நின்றபடி பார்த்தால் அது தெரியாது. பட்டன் ஆழத்தை வெளி, நடு, உள் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஆழம் பார்க்கும் கருவி சில நூறு ரூபாய்தான். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, உள்ளே மட்டும் என்றால் இவ்வளவு நேரம் நான் புலம்பிய விஷயம். அலைன்மென்ட் கடையில் முதலில் கேட்க வேண்டியது, "பின்னாடி டோ செட் பண்ணுவீங்களா?" என்பது. தயங்கினால் வேறு கடை பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் அதை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். முன்னால் செய்தால் அந்தக் காசும் போச்சு.

அளவை மாற்றி விலையைக் குறைப்பது

255/40 ஆர்18 எல்லாக் கடையிலும் இருக்காது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்ட பிறகு இந்த மாதிரி அளவுகளுக்கு அலைச்சல் கூடியது. உடனே கடைக்காரர், "245/45 இருக்கு, கொஞ்சம்தான் வித்தியாசம்" என்பார். கொஞ்சம் இல்லை. 255/40இன் விட்டம் 661 மில்லிமீட்டர், 245/45இன் விட்டம் 678. முன் சக்கரம் 660இல் சுற்ற, பின் சக்கரம் இரண்டரை சதவீதத்துக்கு மேல் மெதுவாகச் சுற்றும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ், சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கின்றன. அவற்றுக்குத் தப்பான கணக்கைக் கொடுத்துவிட்டு மழையில் அவற்றை நம்புவது சரியில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற மாடல் என்றால், எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸுக்கே செலவு வரும்.

நிஜமாகவே மிச்சம் பிடிக்க வேண்டுமானால் நான்கிலும் 225/45 போடுவது ஒரு வழி. விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வேறுபடும், விலை குறைவு, எளிதில் கிடைக்கும். பின் ரிம்மின் அகலம் எட்டரை அங்குலம் என்றால் அந்த டயருக்கு அதுவே கடைசி எல்லை. பிடிமானம் கொஞ்சம் குறையும். தினசரி ஓட்டத்துக்கு இது மோசமான யோசனை இல்லை, நான் செய்யவில்லை என்றாலும். எனக்குப் பின்னால் அகலமாக இருந்தால்தான் கார் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

எடை எண்ணைக் கவனிக்காமல் விடுவது

ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்காக அளவுக்குப் பின்னால் வரும் எண் அது. 255/40 ஆர்18இல் 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ, 99 என்றால் 775 கிலோ. நான்கிலும் 225/45 போடுகிறவர்கள் 91ஐ வாங்கி வந்துவிடுகிறார்கள், அது 615 கிலோதான். குடும்பம், பெட்டி படுக்கையோடு ஊட்டி போகிற கார் இது. அதே அளவில், கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்எல் என்று போட்ட 95 கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். எதை வாங்கினாலும் கதவுப் பக்கம் ஒட்டிய ஸ்டிக்கர், கார் கையேடு இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ட்ரெட்வேர் எண்ணை விலைப் பட்டியல் மாதிரி படிப்பது

ட்ரெட்வேர் என்பது டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று சொல்லும் எண், டயர் பக்கவாட்டில் 280, 340, 500 என்று போட்டிருக்கும். இது அமெரிக்கக் கணக்கு, 100 என்ற அடிப்படை டயரோடு ஒப்பிட்டுச் சொல்வது. தரத்தைப் போடுவது தயாரிப்பாளரே என்பதால், ஒரே கம்பெனியின் இரண்டு மாடலை ஒப்பிட இது உதவும், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே ஒப்பிட்டால் ஏமாற்றும். பக்கத்திலேயே ஏஏ, ஏ, பி என்று இருக்கும் டிராக்‌ஷன் எழுத்து, ஈர ரோட்டில் நேராகப் பிரேக் பிடிப்பதை மட்டும் சொல்கிறது. வளைவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 500க்கு மேல் ஆசைப்பட்டுக் கெட்டியான ரப்பரை வாங்கிவிட்டு, சிக்னலில் கிளம்பும் ஒவ்வொரு முறையும் மஞ்சள் விளக்கைப் பார்க்கிற நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார்.

ஆஃபர் டயரின் பிறந்த தேதி

டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அரிதான அளவு, அதிலும் திடீர்த் தள்ளுபடி என்றால் கடையில் வைத்தே கிழடாக்கிய சரக்காக இருக்கலாம். கட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

பழைய டயர்

வேண்டாம்.

ஒன்று மட்டும் மாற்றுவது

அதுவும் வேண்டாம். பின்னால் எப்போதும் ஜோடியாக.

ரன்ஃபிளாட்டை விட்டுவிட்டு வெறுங்கையோடு ஓட்டுவது

ரன்ஃபிளாட் விலை அதிகம், பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு பதில் சொல்லும். சாதா டயருக்கு மாறுவதில் தப்பில்லை, நானும் மாறினேன். ஆனால் ரன்ஃபிளாட் காற்றில்லாமலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் வரை கொண்டுபோய் விடும். சாதா டயர் அப்படி இல்லை, என் கார் டிக்கியில் ஸ்டெப்னிக்கு இடமும் இல்லை. பஞ்சர் கிட்டும் 12 வோல்ட் ஏர் பம்பும் வாங்கி வைத்த பிறகு மாறுங்கள். ஒரு அச்சில் ஒன்று ரன்ஃபிளாட், ஒன்று சாதா என்று கலக்கவே கூடாது.

1.6 மில்லிமீட்டர் வரை இழுப்பது

சட்டத்துக்கு அந்தப் பட்டன் ஆழம் போதும். மழைக்குப் போதாது. பின்னால் 3 வந்ததும் நான் கழற்றிவிடுவேன்.

புது டயரோடு நேராக மலைக்குப் போவது

புது ரப்பர் மேல், தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து கழல உதவும் வழுவழுப்பான பூச்சு இருக்கும். முதல் 200 கிலோமீட்டர் அவினாசி ரோட்டில் ஆபீஸுக்குப் போய் வாருங்கள். அந்தத் தம்பியிடமும் இதைச் சொன்னேன். அவர் இன்னும் டயரே வாங்கவில்லை. நான் கேட்டதற்காக அலைன்மென்ட் தாளைத் தேடி எடுத்துப் படம் அனுப்பினார், பின் வரிசை முழுக்கச் சிவப்பு. இப்போது புஷ் வரக் காத்திருக்கிறார்.