ஹீற் ஏறும் பழைய காரை வாங்கலாமா? முடிவெடுக்கும் முறை

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தை நாம் அறிவோம். அதனால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ, “கொஞ்சம் ஹீற் ஏறும், வேற ஒரு பிழையும் இல்லை” என்று சொல்லி விலை குறைத்து விற்கப்படும் கார் நம்மை எளிதில் இழுத்துவிடும். ஹீற் ஏறும், அதாவது எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ரேடியேற்றரைக் குளிர்விக்கும் மின்விசிறியின் பழுதும் இருக்கலாம், வளைந்துபோன எஞ்சின் ஹெட்டும் (எஞ்சினின் மேற்பகுதி) இருக்கலாம். எது என்று தெரியாமல் விலை பேசத் தொடங்கக் கூடாது.

படி 1: குளிர்ந்த எஞ்சினையே பாருங்கள்.
காலையில் வருவதாகவும், அதுவரை காரை ஸ்ரார்ட் செய்ய வேண்டாம் என்றும் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பொனற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சென்ற ஆண்டு என் மைத்துனருக்காகக் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கார் பார்க்கப் போனபோது, ஏழு மணிக்கே பொனற் சூடாக இருந்தது. அதைத் திறக்காமல், மறுநாள் வருகிறோம் என்று சொல்லித் திரும்பினோம். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் ரேடியேற்றர் சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். அவசரம் என்று யார் சொன்னாலும் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

படி 2: தண்ணீரையும் ஒயிலையும் பாருங்கள்.
மறுநாள் அந்த மூடியைத் திறந்தபோது உள்ளே கூலன்ற்றின் (எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் நிறமுள்ள திரவம்) நிறமே இல்லை. சாயத்தேநீர் நிறத்தில் தண்ணீர் நின்றது. மூடியின் உட்புறத்தை விரலால் சுரண்டினால் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு உதிர்ந்தது. நமது கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதையே ஆண்டுக்கணக்கில் ஊற்றிவந்தால், கேத்திலின் அடியில் படிவதைப் போலவே ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைத்துவிடும். அடைப்பு மட்டும் என்றால் ரேடியேற்றரை மாற்றுவதோடு வேலை முடியலாம். ஆனால் ஒயில் பார்க்கும் கம்பியை இழுக்கும்போது ஒயில் பால்தேநீர் போல வெளிறி இருந்தால், அல்லது ரேடியேற்றர் நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால், ஹெட் கஸ்கட் (ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள எஞ்சின் பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்றே எண்ணிக் கணக்குப் போடுங்கள்.

படி 3: மூடியைத் திறந்தபடியே ஸ்ரார்ட் செய்யுங்கள்.
எஞ்சின் குளிராக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யலாம். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. அவை நிற்காமல் தொடர்ந்து வந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது என்று பொருள். தண்ணீர் சூடேறத் தொடங்குமுன் மூடியைப் பூட்டிவிட்டு, சைலன்சரைக் கவனியுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெண்புகை அடர்த்தியாக வந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் கசிந்து நீராவியாக வெளியேறுகிறது. நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. ஹைபிரிட் கார்களில் எஞ்சின் இடையிடையே தானாக நின்றுவிடுவதால் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. அவற்றின் பெரிய பற்றரியையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

படி 4: ஏ9 வீதியில் (கண்டி–யாழ்ப்பாணம் நெடுஞ்சாலை) ஓட்டிப் பாருங்கள்.
ஏசியைப் போட்டு, நல்ல வெயிலில், அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மின்விசிறி சுழலத் தொடங்குகிறதா என்று பாருங்கள். நிற்கும்போது மட்டும் சூடேறினால் பெரும்பாலும் விசிறியின் குறை. வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேற்றர் அடைப்பையோ வோட்டர் பம்பையோ, அதைவிட மோசமானதையோ சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் வழக்கமான அளவைத் தாண்டி மேலேறத் தொடங்கினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள்.

படி 5: மிக மோசமான செலவை வைத்து விலை பேசுங்கள்.
விற்பவர் கைகாட்டும் கராஜைத் தவிர்த்து, நீங்கள் நம்பும் மெக்கானிக்குகள் இருவரிடம் தனித்தனியே கேளுங்கள். எங்கள் கணக்கு இப்படி இருந்தது: அதே ஆண்டில் வந்த அதே வகைக் கார் நல்ல நிலையில் 35 இலட்சம், ஹெட்டைக் கழற்றி லேத்தில் மட்டப்படுத்த வேண்டிவந்தால் எல்லாமாக 4 இலட்சம், இழுத்துச் செல்லும் கூலிக்கும் கார் கராஜில் கிடக்கும் நாட்களுக்கும் இன்னும் 1 இலட்சம். ஆக, 30 இலட்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே இரவில், பிள்ளைகளோடு காட்டு வழியில் நின்றுபோகும் ஆபத்துக்கு எந்தக் கணக்கிலும் விலை போட முடியாது. அதனால்தான் இந்த எல்லையை நான் தளர்த்துவதில்லை.

படி 6: பதிவுப் புத்தகம்.
எஞ்சின் இலக்கத்தையும் சசி (வண்டியின் அடிச்சட்டம்) இலக்கத்தையும் வண்டியிலேயே பார்த்து, புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.

விற்பவர் 32 இலட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. மைத்துனருக்கு மனம் வரவில்லை என்றாலும், விற்பவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லி பஸ்ஸில் திரும்பி வந்தோம்.