ஏடிஎச்டி: பரிசு வைத்தும் வேலை நகராதது ஏன்?

"இந்த மாசக் கடைசிக்குள் முடித்தால் புது போன்." ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல், பரபரப்பும் அவசரமும் மிகும் மூளை வளர்ச்சிக் குறைபாடு) உள்ள பெரியவர்கள் தங்களுக்கே வைத்துக்கொள்ளும் இந்த மாதிரிப் பந்தயம் பெரும்பாலும் பாதியில் படுத்துவிடும். போன் மேல் ஆசை இல்லாமல் இல்லை, பரிசு தள்ளி நிற்பதுதான் சிக்கல்.

ஸ்கேனருக்குள் படுக்கவைத்து நடத்தும் ஒரு சோதனை உண்டு. திரையில் குறி தோன்றும், சில நொடி காத்திருந்து, சரியான நேரத்தில் பொத்தானை அழுத்தினால் காசு. அந்தக் காத்திருப்பு நொடிகளில், பரிசை எதிர்பார்க்கையில் கிளரும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதி ஏடிஎச்டி உள்ளவர்களிடம் சராசரியாகக் குறைவாகக் கிளர்வதைப் பல ஆய்வுகள் கண்டன; காசு கைக்கு வந்தபின் அதே குறை அவ்வளவு சீராகத் தெரிவதில்லை. 2009இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு, ஏடிஎச்டிக்கு மருந்து எடுக்காத 53 பெரியவர்களின் மூளையைப் பெட் ஸ்கேனில் (மூளையின் வேதிச் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) பார்த்தபோது, மூளையின் பரிசுப் பாதையில், ஊக்கத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கும் ஏற்பிகளும், வெளியானதைத் திரும்ப உள்ளே இழுக்கும் கடத்திகளும் குறைவாகத் தென்பட்டன. இதெல்லாம் குழுச் சராசரி. "ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம்" என்று கிளம்புவது வீண் செலவு. 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று விசாரித்துத்தான் மனநல மருத்துவர் முடிவு செய்வார்.

சிக்கல் காத்திருப்பில்தான் என்பதால், பரிசின் அளவைக் கூட்டுவது முதல் தவறு. கூட்ட வேண்டியது அளவை அல்ல, குறைக்க வேண்டியது தூரத்தை. வருமான வரிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் 16ஐ (சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்று) இறக்குவது ஒரு வேலை, 26ஏஎஸ்ஸோடு (உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் வரித்துறை அறிக்கை) பிடித்தத் தொகையை ஒப்பிடுவது இன்னொன்று. ஒவ்வொன்றையும் பத்து, பதினைந்து நிமிடத்தில் முடியுமாறு நறுக்கி, முடித்த கையோடு ஒரு டீயோ ஒரு பாட்டோ வையுங்கள். சாயங்காலம் தருகிறேன் என்றால் பலன் பாதி போச்சு. டீயை முன்னாலேயே குடித்துவிட்டு உட்காருவதும் அப்படித்தான். இடைவேளைப் பரிசாக ரீல்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்: அதற்கு முடிவு கிடையாது, அடுத்த பரிசு ஒரு விரல் தள்ளலில் காத்திருக்கும், வரிப் படிவம் அதோடு போட்டி போட முடியாது.

ஒரே பரிசை வாரக்கணக்கில் ஓட்டினால் சலித்துவிடும். நாலைந்தை மாற்றி மாற்றி வைப்பது நல்லது. வீட்டார் செய்யும் தவறு வேறு: "பிடித்ததை மட்டும் மணிக்கணக்கில் செய்கிறாயே" என்ற குத்தல். பிடித்த வேலையில் பரிசு நொடிக்கு நொடி வருகிறது, அதனால்தான் ஓடுகிறது.

ஏடிஎச்டிக்கு மருத்துவர் தரும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து டோபமைன் கடத்தியை அடைத்து, வெளியான டோபமைனைச் சற்று நேரம் தங்கவைக்கிறது. வேலை குவிந்த நாளில் மருத்துவரைக் கேட்காமல் மருந்தின் அளவைக் கூட்டுவது ஆபத்து. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும்.

வரிக் கணக்கின் கடைசிப் படியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'சமர்ப்பி'யை அழுத்தியதும் முடிந்த நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பு (ஓடிபி போன்றவற்றால் ஆன்லைனில் உறுதி செய்வது) செய்யாவிட்டால் சமர்ப்பித்த நாளில் தாக்கல் செய்ததாக அது கணக்கில் வராது. பெரிய பரிசு ஒன்று வைத்திருந்தால், அதை அந்த ஓடிபி போட்டு முடித்த பிறகு மட்டும் எடுங்கள்.